துறைச் செய்திகளும் பாலத்துச் செய்திகளும்

ஜூன் 14

அன்புள்ள இன்ஜினியருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் அடுத்தவர் மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இனி எழுதிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. எழுதும்போது பேச்சு நின்றுபோன இடம் தெரிவதில்லை.

துறைச் செய்திகள். ஆய்வுக் குழு வந்து போய்விட்டது. எங்கள் கல்வியியல் துறைக்கு முதல் தரம் கிடைத்திருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த மாதச் செய்தி மடலில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அவர்தான் நிற்கிறார். "சார், மாணவர்கள் படம் ஒண்ணாவது போடலாமே" என்றேன். "தாராளமா போடுங்க மேடம், என் பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்தா போடுங்க" என்றார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்கள் சிரித்து முடித்த பிறகு.

அறிவியல் கற்பித்தல் எடுக்கும் தம்பிக்கு முனைவர் பட்டம் வந்துவிட்டது. நூலகர் அம்மா ஓய்வு பெறுகிறார். இந்த வருஷமும் மாணவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி, அவர்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடும் பொறுப்பு எனக்குத்தான். செய்தி மடலும் என் தலையில்தான்.

வீட்டில் சமையலறைக் குழாயை மாற்றியாயிற்று. சின்னுவின் அறையை வாரம் ஒரு முறை திறந்து பெருக்குகிறேன். நம் பெண்ணின் அறை என்று நினைத்தால் கை ஓடாது. ஏதோ ஓர் அறை என்று நினைத்துக்கொண்டு பெருக்கிவிடுகிறேன். அவள் போன பிறகு இரண்டாவது மழைக்காலம் வரப்போகிறது. அந்த ஜன்னலுக்குக் கொக்கி சரியில்லை, ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
டீச்சர்

ஜூலை 9

அன்புள்ள டீச்சருக்கு,

முதல் தரத்துக்கு வாழ்த்துகள். நீ கூட வைத்து அனுப்பிய செய்தி மடலில் உங்கள் தலைவரின் படங்களைப் பார்த்தேன். மனிதர் எல்லாப் படத்திலும் ஒரே சட்டையில் இருக்கிறார், கவனித்தாயா?

பாலத்துச் செய்திகள். ஆற்றில் தண்ணீர் ஏறுவதற்குள் நடுத்தூண்களை முடித்தாக வேண்டும். கிரேன் ஓட்டுகிறவருக்கும் கம்பி கட்டும் ஆட்களுக்கும் தினம் ஒரு சண்டை. பஞ்சாயத்து பண்ணுவதே எனக்குப் பாதி வேலை. குவார்ட்டர்ஸ் சமையற்காரர் நல்லவர், உப்பு ஒன்றுதான் அவருக்கு ஞாபகம் வருவதில்லை. யாரும் எதுவும் சொல்வதில்லை, ஆளுக்கொரு பொட்டலம் உப்பு சட்டைப் பையில் வைத்திருக்கிறோம்.

புதிதாக வந்திருக்கும் சூப்பர்வைசர் வெகுளி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "சாருக்குப் பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு கான்கிரீட் கலவை பார்க்கப் போய்விட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வருத்தம்கூட இல்லை. கலவை சரியாக இருந்தது. உன்னிடம் சொல்லக் கூடாதது எதுவும் இதில் இல்லை என்று தோன்றியது, அதனால் சொல்கிறேன்.

இரவில் தூக்கம் வருகிறது. நீ எப்படி இருக்கிறாய்? துறை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

ஜன்னல் கொக்கிக்கு ஆசாரி வேண்டாம். பெட்டியில் திருகாணி கிடக்கிறது, பெரிய ஸ்க்ரூ டிரைவரால் முடுக்கினால் போதும்.

அன்புடன்,
இன்ஜினியர்

ஆகஸ்ட் 3

அன்புள்ள இன்ஜினியருக்கு,

கொக்கியை நானே முடுக்கிவிட்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். போன வாரம் தோசைக்கல் போலச் சூடேறிய வாணலியின் காதைத் துணியில்லாமல் பிடித்துவிட்டேன். தோல் வழன்ற பிறகுதான் சுட்டது என்று தெரிந்தது. அப்படி இருக்கிறேன். மருந்து போட்டு ஆறிவிட்டது, கவலைப்பட வேண்டாம்.

ஒரு செய்தியை ஜூன் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன், வேறு செய்திகள் முந்திக்கொண்டு வந்துவிட்டன. நம் சின்னுவோடு படித்த நெட்டை திரும்பி வந்து படிப்பைத் தொடர்கிறாள். காலில் வைத்த கம்பியோடு ஒரு வருஷம் வீட்டில் கிடந்துவிட்டு, இப்போது இரண்டாம் வருஷத்தில் சேர்ந்திருக்கிறாள். அவள் இருப்பது என் குழுவில்.

அவளும் சின்னுவும் சேர்ந்து பயிற்சிக்குப் போன அதே பள்ளிக்குத்தான் அவளை அனுப்பியிருக்கிறார்கள். அந்த மழை நாளில் அவள் ஸ்கூட்டரை ஓட்டினாள், சின்னு பின்னால் உட்கார்ந்திருந்தாள், லாரிக்காரன் ஒடித்துத் திருப்பினான். இப்போது அவள் பஸ்ஸில் வருகிறாள். நிறுத்தத்திலிருந்து பள்ளிவரை காலை இழுத்து இழுத்து நடக்கிறாள்.

முதல் வகுப்பைப் பார்க்கப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்பு, பின்னங்கள். கரும்பலகையில் கோடு போட்டுப் பங்கு பிரித்துக் காட்டினாள். பாதி வகுப்பில் காலுக்கு முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். முன் பெஞ்சுக் குழந்தை ஒன்று, "டீச்சர், உங்க கால்ல என்ன?" என்றது. "உள்ள ஒரு கம்பி இருக்கு" என்றாள். "வலிக்குமா?" "மழை வந்தா வலிக்கும்." "அப்ப மழை வரப்போறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?" "தெரியும். நாளைக்குக் குடை கொண்டு வாங்க." வகுப்பே சிரித்தது. மறுபடி பின்னத்துக்குப் போனாள்.

மார்க் போட்டேன். கூட்டிக் கையெழுத்தும் போட்டேன். முடியாது என்று நினைத்திருந்தேன்.

முன்பெல்லாம் நம் வீட்டில் அடுப்படிவரை வந்து, "ஆன்ட்டி, என்ன இருக்கு?" என்று பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாளே. இப்போது மேடம் என்கிறாள்.

அன்புடன்,
டீச்சர்

ஆகஸ்ட் 17

டீச்சருக்கு,

வேறு குழுவுக்கு மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்கள் தலைவர் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்?

அந்தப் பெண் படிக்கட்டும். நன்றாக இருக்கட்டும். நான் தடுக்கவில்லை. ஆனால் அவள் சாக்பீஸ் பிடிப்பதை நீ உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? நீ எழுதியதைப் படித்தபோது அவள் ஜோக்குக்கு அந்தக் குழந்தைகள் சிரித்தது என் காதில் கேட்டது. சின்னு பாடம் எடுத்ததும் ஐந்தாம் வகுப்புக்குத்தான். அதை நீ எழுதவில்லை.

நெட்டை என்று எழுதாதே. அந்தப் பெயர் சின்னு வைத்தது.

இங்கே வேலை நடக்கிறது.

இன்ஜினியர்

செப்டம்பர் 5

அன்புள்ள இன்ஜினியருக்கு,

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தலைவரே என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "மேடம், பட்டியல் போடும்போது நான் கவனிக்கல. மன்னிச்சிடுங்க. இப்பவே அந்தப் பொண்ண வேற குரூப்புக்கு மாத்திடறேன்." படம் எடுத்துக்கொள்ளும் முகத்தை மட்டும் வைத்து அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. நான், "வேண்டாம் சார், இருக்கட்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவரும் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அவள்மேல் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. அவளைப் பார்த்தால் ஏதாவது வரும் என்று ஒருவேளை காத்திருந்தேனோ என்னவோ. வாரத்துக்கு இரண்டு வகுப்பு பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் குறைகளைச் சொல்ல வேண்டும். அது என் வேலை. "கேள்வி கேட்டுட்டு நீயே பதில் சொல்லிடற. பிள்ளைங்க யோசிக்க விடு" என்றேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். "வேற ஏதாவது சொல்லணுமா மேடம்?" என்றாள். நான் எதைச் சொல்வேன் என்று காத்திருந்தாள் என்பது தெரிந்தது. "சார்ட்டுல எழுத்து சின்னதா இருக்கு. பெருசா எழுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சின்னுவுக்கும் ஐந்தாம் வகுப்புதான். எழுதவில்லையே தவிர, மறக்கவில்லை.

துறைச் செய்திகள் இந்த முறை அதிகம் இல்லை. புதிய கணினி அறையைத் திறந்து வைத்தார்கள். கணினிகள் இன்னும் வரவில்லை.

அன்புடன்,
டீச்சர்

நவம்பர் 21

அன்புள்ள இன்ஜினியருக்கு,

போன கடிதத்துக்கும் பதில் இல்லை, அதற்குப் பின்னால் போட்ட கார்டுக்கும் இல்லை. மழையில் தபால் தாமதமாகிறது என்று தபால்காரரிடம் நானே சொல்லிக்கொண்டேன். அவர் பாவம், ஆமாம் என்றார்.

இதற்கு நீங்கள் பதில் எழுதினாலும் நேரத்துக்கு வந்து சேராது. திங்கட்கிழமை மார்க் கொடுத்தாக வேண்டும். இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் செய்யப் பிடிக்கவில்லை.

கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு தங்கப் பதக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். சின்னு அதை வாங்கியே தீருவேன் என்று கண்ணாடி முன்னால் நின்று கும்பிடு போட்டுப் பார்த்துக்கொண்டதும் தெரியும். இந்த முறை போட்டி இரண்டு பேருக்கு. ஒருவன் வாத்தியார் மகன், அப்பாவைப் பார்த்துப் பார்த்தே பாதி தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தவன். இன்னொருத்தி அவள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு பேருக்கும் ஒரே மார்க் போட்டுவிட்டுப் போய்விட்டார். மிச்சம் என் மார்க்.

கொஞ்சம் குறைத்துப் போட்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அவளும் கேட்க மாட்டாள், அது எனக்கு நிச்சயம். பையனும் கெட்டிக்காரன்தான், அவனுக்குக் கிடைத்தால் அநியாயம் என்று யாரும் சொல்ல முடியாது. துறையில் சிலர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். மொழி கற்பித்தல் எடுக்கும் அம்மா என் தோளைத் தொட்டு, "நீங்க என்ன பண்ணினாலும் நாங்க புரிஞ்சுக்குவோம்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. கையை எடுத்துவிடச் சொல்லத் தோன்றியது.

கடைசி வகுப்பில் அவள் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள். வகுப்பு அமைதியாக இருந்தது. நமக்கே படபடப்பு வரும் அளவுக்கு நின்றாள். பின்னாலிருந்து, பேசவே பேசாத ஒரு பெண் குழந்தை எழுந்து பதில் சொல்லியது. தப்பான பதில். "எப்படி யோசிச்ச, சொல்லு" என்று அதை வைத்தே மீதி வகுப்பை நடத்திவிட்டாள். இத்தனை வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், அப்படி நடத்தியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை போடுவேன்.

டீச்சர்

டிசம்பர் 10

அன்புள்ள டீச்சருக்கு,

கடிதங்கள் எல்லாம் வந்தன. கார்டும் வந்தது. மழை தபாலை ஒன்றும் செய்யவில்லை.

அக்டோபரில் தண்ணீர் ஏறிவிட்டதால் வேலையை நிறுத்தினோம். அந்தச் சமயத்தில் பஸ் ஏறி அங்கே வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்தேன். அவளைப் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும், கேட்டால்தான் எனக்கு ஆறும் என்று தோன்றியது. வழியெல்லாம் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஒரு கையில் சுருட்டிய சார்ட், தோளில் பை, தூறல். தூரத்திலிருந்தே என்னை அடையாளம் கண்டுகொண்டு நின்றுவிட்டாள். ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தாள்.

"அங்கிள்."

 மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட வரவில்லை.

"நான்தான் அங்கிள் ஓட்டினேன். லாரிக்காரன் திருப்பினான்னு போலீஸ்ல எழுதியிருக்காங்க. ஆனா ஓட்டினது நான்தான். மெதுவாத்தான் போனேன். இத உங்ககிட்ட வந்து சொல்லணும்னு அம்மாகிட்ட அழுதேன், கூட்டிட்டு வந்தாங்க. உங்க வீட்டு கேட் வரைக்கும் வந்தோம். உள்ள வரத் தைரியம் வரல."

சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். கால் நடுங்கியது. "உட்காரும்மா" என்றேன். கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னேன். அவள் குடிக்கும்வரை அந்தச் சார்ட் நனையாமல் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும், "வரேன் அங்கிள்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு ஆறவும் இல்லை, எரியவும் இல்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் வீடு நடக்கிற தூரம்தான். வந்திருக்கலாம். தெருமுனைவரை வந்தேன். மொட்டை மாடியில் உன் புடவை நனைந்துகொண்டிருந்தது, எடுக்க மறந்துவிட்டாய். அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே வந்து உன்னைப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நீ மார்க் போட்டிருப்பாய். என்ன போட்டிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். சரிதான்.

இந்தப் பாலம் கோடையில் முடிகிறது. இன்னும் தள்ளி, மலைப் பக்கம் ஒரு பாலத்துக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். போகிறேன் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். நான் அங்கே இல்லாதது உனக்குச் சுமை குறைவு என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சொல்.

அன்புடன்,
இன்ஜினியர்

பிப்ரவரி 2

இன்ஜினியருக்கு,

துறைச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பரிசளிப்பு விழா முடிந்தது. பதக்கம் அவளுக்குத்தான். செய்தி மடலுக்கு நான் எழுதியது இது: "கற்பித்தல் பயிற்சியில் முதலிடம் பெற்றமைக்கான தங்கப் பதக்கத்தை எமது துறை மாணவி பெற்றுள்ளார். உடல்நலக் காரணங்களால் ஓராண்டு படிப்பை நிறுத்தியிருந்த இவர், மீண்டும் சேர்ந்து இச்சாதனையைப் புரிந்துள்ளார். துறை இவரை வாழ்த்துகிறது." உடல்நலக் காரணங்களால். அந்தச் சொல்லை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு சொல் அகப்படவில்லை. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

அவள் பெயரைக் கூப்பிட்டபோது மேடைப் படி ஏறச் சிரமப்பட்டாள். எங்கள் தலைவர் படம் எடுப்பவரை விட்டுவிட்டு இறங்கி வந்து கை கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வாத்தியார் மகன்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

வெளியே அவளும் அவள் அம்மாவும் எனக்காகக் காத்திருந்தார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். சாப்பிடவில்லை. அவளிடம், "அங்கிள் வந்தாராமே. ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"வீட்டுக்குத்தான் வந்துட்டுப் போறார்னு நினைச்சேன் ஆன்ட்டி" என்றாள். "அங்க வரலையா?"

என்ன பதில் சொல்வேன், சொல்லுங்கள். வந்தார், புடவையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்றா சொல்வது?

டிசம்பரில் உங்கள் கடிதம் வந்தபோது படித்து மடித்து வைத்துவிட்டேன். வழக்கம்போல ஒன்றும் ஆகவில்லை. விழா முடிந்து வீட்டுக்கு வந்து, இருந்த ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது ஞாபகம் வந்தது. அங்க வரலையா. திடீரென்று தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அது உருண்டு, சுற்றி, சத்தம் போட்டு அடங்குவதற்குள் சொம்பையும் எடுத்து அடித்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "என்னாச்சு, பூனையா?" என்றார். "இல்லக்கா, உங்க தம்பி" என்றேன். உங்களைத்தான் சொல்கிறேன் என்று புரியாமல் அவர் விழித்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சின்னுவைக் கொண்டுபோன நாளில்கூட வராத அழுகை. அக்கா உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அழுதேன். கையில் வாணலி சுட்ட இடம் அப்போது வலித்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஊர்விட்டு ஊர் வந்து, அந்தப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவள் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிந்த மனிதருக்கு, நம் வீட்டுக் கதவைத் தட்டத் தெரியவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லையாம். யார் உங்களைச் சொல்லச் சொன்னார்கள்? வந்து அந்தப் புடவையை எடுத்துக் கொடுத்திருந்தால் போதாதா? நீங்கள் இல்லாதது எனக்குச் சுமை குறைவா? இதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இன்னும் நிறைய இருக்கிறது. காகிதத்தில் திட்டினால் எனக்குப் போதாது. நாலு நாள் லீவு போட்டிருக்கிறேன். காரணம் எழுதும் இடத்தில் குடும்ப வேலை என்று எழுதினேன், தலைவர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். மலைப் பாலத்துக்காரர்களிடம் அதுவரை ஒன்றும் சொல்லிவைக்காதீர்கள்.

பஸ் பாலம்வரை வராது, மண் ரோட்டில் இறக்கிவிட்டுவிடும் என்று கண்டக்டர் சொல்கிறார். அந்த மண் ரோட்டில் வந்து நில்லுங்கள். ஆளை அனுப்பாதீர்கள். நீங்கள் வாருங்கள்.

டீச்சர்